கரண்ட் போகாத ஊர்க்காரி

பயப்படுவதற்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடலாம். பல்லி, பஸ் கண்டக்டர், ஓனர், ஓனரின் சம்சாரம், கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் வருகிற எதுவானாலும் எனக்குக் கை வியர்த்துவிடும். மந்தாரக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் கவுண்டரில் உட்கார்ந்து பேர் பதிந்து சீட்டுக் கொடுப்பது என் வேலை. விஜயகுமாரி என்றால் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘லேப்புல மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு உக்காந்திருக்குமே, அந்தம்மா’ என்றால் தெரியும். அப்பேர்ப்பட்ட நான், பயமென்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கும் ஒரு நாள் பயம் வந்தது. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

வினோலியா நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். அப்பா மைக்கேல், நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் ஊழியர். கம்ப்யூட்டர் படிப்பு முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தாள். அம்மா டெய்சிக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். ‘படிச்ச பொண்ணு வூட்ல குந்திகினு இருக்குது’ என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தபோது அவள் குந்திக்கொண்டு இருக்கவில்லை. ஸ்கூட்டியில் ஒரு லேப்டாப்பையும் ஸ்க்ரூ டிரைவரையும் போட்டுக்கொண்டு கடை கடையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எந்தக் கடையில் போய் உட்கார்ந்தாலும் அங்கிருந்த திருட்டு விண்டோஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு லினக்ஸ் ஏற்றுவாள். அதனால் அவளுக்கு ‘லினக்ஸ் பொண்ணு’ என்று பெயர். “இலவசமா குடுக்கறாங்களே, நல்லா இருக்குமா?” என்று நான் கேட்டேன். “இலவசம் இல்லக்கா, கட்டற்றது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணா தொறந்து பாக்கலாம், மாத்தலாம்” என்றாள். எனக்கு என் பீரோவையே திறந்து பார்க்கச் சோம்பல். ஆனாலும் தலையாட்டி வைத்தேன்.

அவளுடைய வித்தையெல்லாம் ஒரே வித்தைதான். திரையில் வருகிற பிழைச் செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாய்விட்டுப் படிப்பாள். நாமெல்லாம் அதைப் பார்த்ததும் மூடிவிட்டுக் கும்பிடு போடுகிற ஜாதி. “அது உங்களைத் திட்டலக்கா, எங்க வலிக்குதுன்னு சொல்லுது” என்பாள். ஒரு மருந்துக் கடையில் பில் போடும் மென்பொருள் திறக்கவே மாட்டேனென்று அடம்பிடித்தது. வந்து பார்த்தவர்களெல்லாம் ஹார்ட் டிஸ்க் போச்சு என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இவள் செய்தியைப் படித்தாள். பிறகு திரையின் மூலையில் இருந்த தேதியைக் காட்டிச் சிரித்தாள். உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப்போய், கம்ப்யூட்டர் தான் வாங்கப்பட்டதற்கும் முந்திய ஒரு வருஷத்தில் உட்கார்ந்திருந்தது. பொத்தான் அளவு பேட்டரி ஒன்றை மாற்றியதும் கடை திறந்துகொண்டது.

தெரியாதது வந்தால் இணையத்தில் அந்த மென்பொருள்காரர்கள் கூடுகிற மன்றத்தில் கேட்பாள். ஏதோ ஒரு தேசத்தில் விடிந்ததும் எவனோ பதில் எழுதுவான். மற்றவர்கள் கேட்பதற்கு இவளும் எழுதுவாள். அவள் பயந்து நான் பார்த்ததேயில்லை. இத்தனை தைரியம் ஒரு பெண்ணுக்கு ஆகாது என்று என் மாமியார் சொன்னபோது, உங்களுக்கு இருப்பதில் பாதிதான் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் லேப் முதலில் டவுன்ஷிப்புக்குள், வட்டம் என்று அங்கே சொல்கிற ஒரு பிளாக்கின் கடை வரிசையில் இருந்தது. ஓனர் சிவக்குமார் சார்தான் லேப் டெக்னீஷியனும். அவர் வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர் அரதப் பழசு. ஒரு பேரை அடித்துச் சேவ் கொடுத்தால் யோசித்து யோசித்துத்தான் அடுத்த பேருக்கு வரும். காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிற சர்க்கரைக்காரர்கள் என்னைத் தின்றுவிடுவதுபோலப் பார்ப்பார்கள். வினோலியாவிடம் அழுதேன். அவள் உள்ளே போய் ஒரு வரியை மாற்றினாள். மறுநாள் கம்ப்யூட்டர் பறந்தது.

என்ன செய்தாய் என்று கேட்டதற்கு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். டேட்டாபேஸ் என்பது ஒரு கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு பேர் வந்ததும் அதை டிஸ்கில் அழுத்திப் பதித்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடும். அந்த அழுத்திப் பதிக்கிற நேரம்தான் இழுவை. ‘நீ இப்போதைக்கு மனசுல வச்சுக்க, கொஞ்சம் பொறுத்துச் சேர்த்து எழுதிக்கலாம்’ என்று அவள் அதற்குச் சொல்லிவிட்டாள். எழுதுவதற்குள் கரண்ட் போனால் மனசில் இருந்தது போய்விடும். ஆனால் டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது. அனல் மின் நிலையத்தின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிற ஊர். பிறந்ததிலிருந்து அவள் வீட்டில் மெழுகுவத்தி வாங்கியது மாதா கோயிலுக்குத்தான். யூ.பி.எஸ். என்றொரு பெட்டியை அவர்கள் தெருவில் யாரும் வாங்கியதில்லை. ஃபேன் தானாக நிற்கும் என்பதே அவளுக்கு விருந்தாளியாகப் போன ஊர்களின் சமாச்சாரம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் டவுன்ஷிப் கடையைக் காலி செய்துவிட்டு லேப்பை மந்தாரக்குப்பத்துக்கு மாற்றினோம். நாற்காலி, ஃபிரிட்ஜ், ரத்தம் எண்ணும் மிஷின் எல்லாம் ஒரு டாட்டா ஏஸில் ஏறின. கம்ப்யூட்டரை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வினோலியா வந்து ஒயரைச் செருகினாள், ஆன் செய்தாள், எல்லாம் ஓடியது, டீ குடித்துவிட்டுப் போனாள். அவள் மாற்றிய அந்த வரியும் கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்து எங்களோடு குடிவந்துவிட்டது.

அந்த வருஷக் கரண்ட் கட்டைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டவுன்ஷிப்பில் தெருவிளக்கு பகலிலேயே எரிந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் நாங்கள் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்போம். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்துக்கு வாசற்படியில் இருந்துகொண்டு இருட்டில் கிடந்தோம். சார் ஒரு ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்தார். கரண்ட் போகும், கம்ப்யூட்டர் சாகும், சார் போய்க் கயிற்றை இழுப்பார், ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும், கம்ப்யூட்டர் மறுபடி கண்ணைத் திறக்கும். நான் விட்ட இடத்திலிருந்து பேர் அடிக்க ஆரம்பிப்பேன். ஒரு நாளும் சிவப்பு எழுத்து வரவில்லை. வந்திருந்தால் நான்தான் முதலில் அலறியிருப்பேனே.

மழைக்காலம் தொடங்கியதும் டெங்கு வந்தது. லேப்பில் கால் வைக்க இடமில்லை. எல்லோருக்கும் ஒரே டெஸ்ட், பிளேட்லெட். அந்தத் தட்டணு ரத்தத்தில் குறைந்துபோனால் ரத்தம் உறையாது, உள்ளுக்குள்ளேயே கசிய ஆரம்பித்துவிடும். எங்கள் லேப்பில் குழாயின் மேல் பேர் எழுதும் பழக்கமில்லை. கம்ப்யூட்டர் கொடுக்கிற நம்பரை மட்டும் எழுதுவோம். பேர் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, குழாயில் எதற்கு என்று விட்டுவிட்டிருந்தோம்.

ஒரு நாள் காலை கடையைத் திறந்ததுமே மருதமுத்து என்பவர் கத்திக்கொண்டு வந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். முந்தின நாள் எங்களிடம் ரத்தம் கொடுத்துப் பிளேட்லெட் இருபதாயிரத்துக்கும் கீழே என்று ரிப்போர்ட் வாங்கிப் போனவர். குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய இடம் அது.

“உசுரு போவப் போவுதுன்னு கடலூருக்கு ஓடினேன். எம் பொண்டாட்டி வழி பூரா அழுதுகினு வந்தா. அங்க பாத்தா எல்லாம் சரியா இருக்குதுன்றான். நீங்க இன்னா லேப்பு நடத்துறீங்களா, இல்ல ஆடு அறுக்கறீங்களா?” என்று கேட்டார்.

சிவக்குமார் சார் ஃபிரிட்ஜைத் திறந்து முந்தின நாள் குழாய்களைக் கிளறினார். மருதமுத்துவின் நம்பரில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றை மிஷினில் வைத்துவிட்ட பிறகு அடுத்ததைப் பார்த்தவர், இதைத்தான் ஓட்டியாயிற்றே என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். இரண்டையும் மறுபடி ஓட்டினார். ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்று நேற்றுக் காட்டிய அதே பாதாளத்தைக் காட்டியது.

“அப்ப இது யாரோடது?” என்றார் சார்.

கம்ப்யூட்டரில் அந்த நம்பருக்கு மருதமுத்து மட்டும்தான் இருந்தார். யாரோ ஒருவர் நேற்று என் முன்னால் நின்று பேர் சொல்லியிருக்கிறார். நான் சீட்டுக் கொடுத்திருக்கிறேன். அவருடைய ரத்தம் இதோ இருக்கிறது. அவர் யாரென்று உலகத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லை. ரிப்போர்ட் வாங்கவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சார்தான் சொன்னார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான் பிளேட்லெட் விழும். உடம்பு லேசாகிவிட்டது, இனி எதற்கு ரிப்போர்ட் என்று அந்த ஆள் எங்கோ நடமாடிக்கொண்டிருக்கலாம்.

வினோலியா பத்து நிமிஷத்தில் வந்தாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து, கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்தாள். கம்ப்யூட்டர் தன்பாட்டில் எழுதி வைக்கிற குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தாள், வழக்கம்போல வாய்விட்டு. நாலைந்து வரி படித்ததும் குரல் இறங்கியது. அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

“என்னம்மா?” என்றேன்.

“அக்கா, ஒவ்வொரு தடவை கரண்ட் போனப்பவும் கடைசியா அடிச்ச பேரு அழிஞ்சிருக்கு. திரும்ப ஆன் ஆனதும் இருக்கறதுல கடைசி நம்பர் எதுன்னு பார்த்து, அதுக்கு அடுத்ததைக் குடுத்திருக்கு. அழிஞ்ச பேரோட நம்பர் புதுசா வந்தவங்களுக்குப் போயிடுச்சு.”

“எர்ரர் எதுவுமே வரலியேம்மா.”

“வராதுக்கா. அதைப் பொறுத்தவரைக்கும் தப்பே நடக்கல. நான் சொன்ன மாதிரிதான் செஞ்சிருக்கு.” சொல்லிவிட்டு ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். அவளே ஆங்கிலத்தில் அடித்த ஒரு வரியும் பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பும் இருந்தன. இங்கே கரண்ட் போகாது, இப்படி வைக்கலாம் என்று எழுதியிருந்தாள். “இங்கேன்னு எழுதியிருக்கேன்க்கா. இங்கேன்னு” என்றாள். அந்த ஒரு சொல்லின் மேலேயே விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பயந்தாங்கொள்ளி பயப்படுவதில் என்ன இருக்கிறது, பயப்படாதவள் பயந்தபோது எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

சார் என்னைப் பார்த்தார். “ஞாபகம் பண்ணுங்க. நேத்து கரண்ட் போறப்ப முன்னாடி நின்னது யாரு? ஆம்பளையா, பொம்பளையா?” கண்ணை மூடிப் பார்த்தேன். காய்ச்சல் முகங்களாக வந்தனவே தவிர ஒரு முகமும் நிற்கவில்லை. அத்தனை பேரும் துண்டைப் போர்த்திக்கொண்டு, அத்தனை பேரும் சீக்கிரம் விடச் சொல்லிக்கொண்டு இருந்தார்கள்.

வினோலியா பிரின்டர் வரிசையில் தேடினாள். அச்சடித்து முடிந்ததை அது வைத்துக்கொள்ளவில்லை. டேட்டாபேஸின் பழைய துண்டுகளைத் துழாவினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே மருதமுத்து இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். “நீங்க நேத்து எப்படி அடிச்சீங்களோ அதே மாதிரி ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்கக்கா” என்றாள். உட்கார்ந்து பேர் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினேன். வழக்கம்போல அந்த எழுத்தில் தொடங்குகிற பழைய பேர்களெல்லாம் கீழே சரசரவென்று தொங்கின. “இந்தச் சனியன் வேற” என்று தள்ளப் போனேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பேர்ப் பதிவுப் பக்கம் ப்ரௌசரில்தான் ஓடுகிறது. நான் கட்டங்களில் அடிப்பதையெல்லாம் ப்ரௌசர் தனக்கென்று ஒரு மூலையில் நினைவு வைத்துக்கொள்கிறது, அடித்த நேரத்தோடு. அந்த மூலைக்கு அவள் போட்ட வரி செல்லாது. அது அந்தந்தப் பேரை அப்போதைக்கப்போது அழுத்திப் பதித்துவிடுகிறது. அவள் அதைத் திறந்து, டேட்டாபேஸில் இருக்கிற பேர்களைக் கழித்துப் பார்த்தாள். நேற்றைய நாளில் ஒரு பேர் மிஞ்சியது. கலியம்மாள். அதே நிமிஷத்தில் ஊர்க் கட்டத்தில் வடக்குத்து. போன் கட்டத்தில் ஒரு நம்பர்.

நம்பரை அடித்தோம். ஸ்விட்ச் ஆஃப் என்றது. மறுபடி அடித்தோம், அதேதான். கரண்ட் இல்லாத ஊரில் போனுக்கு எங்கே சார்ஜ் இருக்கும்?

“வாங்கக்கா” என்று ஸ்கூட்டியை எடுத்தாள். நான் எதற்கு என்று கேட்கக்கூட நேரமில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அவள் மாதாவைக் கூப்பிடுவது காதில் விழுந்தது.

வடக்குத்தில் கலியம்மாள் என்று கேட்டால் எந்தக் கலியம்மாள் என்பார்கள். முதலில் காட்டிய வீட்டில் கதவைத் திறந்தது ஒரு பள்ளிக்கூடத்து ஆயா. காய்ச்சலா, எனக்கா, உன் வாயில் மண்ணு என்று விரட்டிவிட்டது. இரண்டாவது கலியம்மாள் ஊரிலேயே இல்லை. மூன்றாவது வீட்டில் பூட்டுத் தொங்கியது. அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “காச்ச வுட்டுப்போச்சின்னு காலையிலயே முந்திரிக் கொட்டாய்க்கிப் போயிட்டுதே” என்றாள்.

கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கலியம்மாளுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கையெல்லாம் கொட்டையின் எண்ணெய்க் கறுப்பு. வினோலியா அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நேத்து மந்தாரக்குப்பத்துல ரத்தம் குடுத்தீங்களா?”

“ஆமாம்மா. சாயந்தரம் வந்து வாங்கிக்கன்னாங்க. காச்சதான் வுட்டுப்போச்சே, பஸ்ஸுக்கு வேற தண்டம், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.”

“உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்க்கா. ரத்தத்துல பிளேட்லெட் ரொம்ப விழுந்திருக்கு.”

கலியம்மாள் சிரித்தாள். “இன்னிக்கிதாம்மா உடம்பு லேசா இருக்குது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி எச்சில் துப்பினாள். மண்ணில் சிவப்பாக விழுந்தது.

“வெத்தலை போட்டிருக்கீங்களா?” என்று கேட்டது நான்தான். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“இல்லியே” என்றாள். பிறகு அவளும் மண்ணைப் பார்த்தாள். வரிசையில் கல் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வருவதற்குள் வினோலியா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் பேரைத் தொலைத்தது கம்ப்யூட்டர், அதை அப்படித் தொலைக்கும்படி வைத்தது நான் என்றாள். கலியம்மாளுக்கு அது மண்டையில் ஏறியதா என்று தெரியவில்லை. அவள் வினோலியாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, என் புள்ளைங்க ஸ்கூல் விட்டு வரும், வூடு பூட்டியிருக்குது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன். கடலூரில் சேர்த்து, அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பி, யார் யாருடைய பிளேட்லெட்டையோ ஏற்றி, ஒரு வாரம் கழித்துக் கலியம்மாள் வீடு வந்து சேர்ந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

இதோடு கதையை முடித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. வினோலியா ப்ரௌசரின் நினைவை அந்த ஒரு நாளோடு நிறுத்தாமல், லேப் மந்தாரக்குப்பம் வந்த நாளிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தாள். கலியம்மாள் ஒருத்தி இல்லை. திரையில் பேர்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. கர்ப்பிணி ஒருத்தி, சர்க்கரைக்காரர்கள், ஒரு கைக்குழந்தை. பலருக்கும் இருக்கிற பேர்கள் வேறொருவருக்காக மறுபடி அடிக்கப்பட்டிருந்தால் இந்தக் கழித்தலில் சிக்காது, அவை எத்தனை என்று சொல்ல முடியாது என்றாள். இந்தப் பேர்களில் யாருக்கு யாருடைய ரிப்போர்ட் போயிற்று? கவரின் மேலே நம்பர்தான் எழுதியிருக்கும். உள்ளே ஆங்கிலத்தில் இருக்கும் பேரை யார் படிக்கிறார்கள்? டாக்டரும் நாங்கள் வட்டம் போட்டுக் காட்டுகிற டெஸ்ட் அளவைத்தான் பார்ப்பார்.

சார் பேசாமல் விட்டுவிடலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த எண்ணம்தான் முதலில் வந்தது. வினோலியா அவரிடம் சண்டை போடவில்லை. பேர்களைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, “அக்கா, தனியாப் போகப் பயமா இருக்கு” என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

வீடு வீடாகப் போனோம். நெல்லிக்குப்பம் வரைக்கும்கூடப் போனோம். மறுபடி ரத்தம் எடுத்துத் தருகிறோம், அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள் என்று சொன்னோம். திட்டினார்கள், மோர் கொடுத்தார்கள், நாயை அவிழ்த்துவிட்டார்கள். பெரும்பாலோர் நன்றாக இருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் உயிரோடு வந்து நிற்கிற வரைக்கும் வினோலியா மூச்சு விடமாட்டாள்.

அந்த மென்பொருள்காரர்களின் மன்றத்திலும் எழுதினாள். இந்த வரியை இப்படி வைத்தவள் நான், இன்னது நடந்தது என்று தன் பேரைப் போட்டே எழுதினாள். அதில் ஒருவர், எங்கள் ஊரிலும் கரண்ட் போகும், எங்கள் கிளினிக்கிலும் இப்படித்தான் வைத்திருக்கிறோம், இன்றைக்கே மாற்றுகிறேன் என்று பதில் போட்டிருந்தாராம்.

இன்றைக்கும் அவள் கடை கடையாகத்தான் போகிறாள். வேலை முடித்ததும் கடைக்காரரை ஒரு பேர் அடிக்கச் சொல்வாள். அவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்குவாள். ஐயையோ என்று அவர் அலற, மறுபடி செருகி, அந்தப் பேர் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால்தான் பையை எடுப்பாள். ‘கிறுக்குப் பொண்ணு, ஒயரப் புடுங்குது’ என்று சொல்கிறார்கள். ஒயரைப் பிடுங்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வதை அவர்கள் கவனிப்பதில்லை.

ஒரு வாசலைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். மந்தாரக்குப்பத்திலேயே, லேப்புக்குப் பின்தெருவில், சிங்காரவேலு என்று ஒரு பேர். பக்கத்தில்தானே என்று கடைசிக்கு வைத்திருந்தோம். அவர் மனைவி ஜானகியம்மாள் கதவைத் திறந்தார். எங்களைத் துக்கம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டார். சுவரில் படம் புதுசாக இருந்தது.

“காச்சதான். லேப்புல பாத்தோம். அவரே நடந்து போயி ரிப்போட்டு வாங்கிகினு வந்தாரு. நல்லா இருக்குதுன்னாரு டாக்டரு. மூணாம் நாளு எழுந்திரிக்கல” என்றார்.

“அந்த ரிப்போர்ட் இருக்குங்களா அம்மா?” என்று வினோலியா கேட்டாள். அவருடைய துணிமணியோடு அதையும் எடுத்துப் போட்டுவிட்டார்களாம். எங்கள் ஃபிரிட்ஜில் குழாய்களை அத்தனை நாள் வைப்பதில்லை. அந்த ரிப்போர்ட் அவருடையதா, அடுத்து வந்தவருடையதா என்று கண்டுபிடிக்க இனி வழியே கிடையாது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். கும்பிட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நான் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கூட இழுத்தேன்.

வினோலியா நகரவில்லை. நம்பர் மாறிப்போனதை, கரண்ட் போனதை, தான் மாற்றிய வரியை, எல்லாவற்றையும் அந்த அம்மாளுக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். ஜானகியம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப அவரு பொழச்சிருப்பாராம்மா?”

“தெரியலம்மா” என்றாள் வினோலியா.

வினோலியா இன்னும் ஏதாவது சொல்வாள் என்று ஜானகியம்மாள் காத்திருந்தார். அவளிடம் கேட்டால் பதில் கிடைக்கும் என்று நானும் இத்தனை வருஷம் பழகியவள்தான். நானும் அவள் முகத்தையே பார்த்தேன்.

“எனக்குத் தெரியலம்மா” என்றாள் மறுபடியும்.